தவிட்டுப் பாப்பாவும் ஒரு சிவப்பு மப்ளரும்

கேரளம் என்று தனி மாநிலம் பிறப்பதற்கு ஓரிரு வருஷம் முன்பு நடந்தது இது. அப்போது எனக்குப் பதினைந்து வயது. கம்பத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் பெண்பிள்ளைகளுக்கு எட்டாம் வகுப்போடு படிப்பு முடிந்துவிடும். அதனால் வண்டிப்பெரியாரில் மளிகைக் கடை வைத்திருந்த மாமா வீட்டில் என்னைக் கொண்டுபோய் விட்டார்கள். பஸ் ஏறும்போது அம்மா கொடுத்த சீதனம் ஒரு சிவப்புக் கம்பளி மப்ளர். "மலையில பனி பொல்லாதுடி. காதை மூடாம வெளிய தலைகாட்டாத" என்று வண்டி கிளம்பும் வரைக்கும் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

மாமா வீட்டில் தமிழ். பள்ளியிலும் நான் இருந்தது தமிழ்ப் பிரிவு. மலையாளம் என் காதில் விழுந்ததெல்லாம் கடை வாசலில்தான். கொச்சு என்றால் பிள்ளை, மோள் என்றால் மகள், நோக்கு என்றால் பார், நின்றெ என்றால் உன்னுடைய. இவ்வளவு தெரிந்ததும் மலையாளமே வந்துவிட்டதாக எனக்கு நினைப்பு. அந்த வயதில் எனக்கு எல்லாமே தெரியும்!

வாரத்தில் ஒரு பீரியடு பெரிய வகுப்புப் பெண்களுக்குக் குழந்தை வளர்ப்பு சொல்லிக்கொடுத்தார் ஒரு டீச்சர். நாகர்கோவில்காரர். இருபத்தைந்து வயதுகூட இருக்காது, கல்யாணமும் ஆகவில்லை. பழைய துணியில் தவிட்டை அடைத்து ஒரு பொம்மை தைத்திருந்தார். அதைக் குளிப்பாட்டுவது, துணி மாற்றுவது, தோளில் போட்டுத் தட்டுவது என்று ஒவ்வொருத்தியையும் செய்யச் சொல்வார். அதற்குத் தவிட்டுப் பாப்பா என்று பெயர் வைத்ததே நான்தான். எனக்குக் கீழே ஐந்து உருப்படிகள். இடுப்பில் பிள்ளை இல்லாமல் நான் தெருவில் இறங்கியதே கிடையாது. எனக்குப் போய் இந்த அம்மா பிள்ளை தூக்கச் சொல்லித்தருகிறாரே என்று உள்ளுக்குள் ஒரே இளக்காரம்.

பிள்ளையைக் கையில் வாங்கியதும் புறங்கையைக் கழுத்துக்குப் பின்னால் வைத்து உடம்பு சுடுகிறதா என்று பார்க்க வேண்டும் என்பதுதான் அவருடைய முதல் பாடம். என் முறை வந்தபோது தவிட்டுப் பாப்பாவின் கழுத்தைத் தொட்டுவிட்டு, "ஐயோ டீச்சர், பாப்பாவுக்குப் புழு வச்சிருச்சு" என்றேன். வகுப்பே உருண்டு புரண்டு சிரித்தது. டீச்சருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் திரும்ப முதலிலிருந்து செய்ய வைத்துத்தான் விட்டார்.

பொம்மையோடு நிறுத்தாமல், சனிக்கிழமைகளில் எங்களில் ஆறு பேரைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தின் பிள்ளைக் கொட்டகைக்கு அழைத்துப் போவார். கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் கைப்பிள்ளைகளை அங்கே விட்டுவிட்டுப் போவார்கள். பார்த்துக்கொள்ள ஓர் ஆயா இருந்தார்.

அந்தச் சனிக்கிழமை எதிரில் நிற்கும் ஆள் தெரியாத அளவுக்கு மூடுபனி. ஆயா பால் பவுடர் வாங்க ஆபீசுக்குப் போயிருந்தார். டீச்சரும் மற்ற பெண்களும் பின்பக்கம் பெரிய பிள்ளைகளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் குழாயடியில் பிள்ளைகளின் துணிகளை அலசிவிட்டு, விறைத்த கையோடு உள்ளே வந்தேன். அப்போது ஒரு மலையாளத்துப் பெண் கூடையும் முதுகுமாக மூச்சிரைக்க ஓடிவந்தாள். கையில் எட்டு மாத ஆண் குழந்தை. பேர் கூப்பிடும் நேரம் தப்பினால் அன்றைய வேலை போய்விடும்.

"மோளே, கொச்சினு பனியா. ஒந்நு நோக்கிக்கோணே" என்று பிள்ளையை என் கையில் கொடுத்தாள். அதற்குப் பிறகு ஆயாவைப் பற்றி வேகமாக ஏதோ சொன்னாள். அது எனக்குப் பிடிபடவில்லை. புரியவில்லை என்று சொல்லக் கௌரவம் விடவில்லை. பெரிய மனுஷி மாதிரித் தலையை ஆட்டினேன். அவள் போய்விட்டாள்.

பிள்ளைக்குப் பனி! அதுதான் எனக்குத் தெரியுமே. அம்மா பஸ் நிலையத்தில் சொன்ன அதே பனி. ஜன்னல் இரண்டையும் சாத்தினேன். கொடியில் கிடந்த கம்பளியை இரண்டாக மடித்துப் பிள்ளையைச் சுற்றினேன். அதுவும் போதாதென்று என் மப்ளரை அவிழ்த்து அவன் தலையையும் காதையும் சேர்த்துக் கட்டினேன். பால் காய்ச்சும் கரி அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மடியில் போட்டு ஆட்டினேன். உடம்பு சூடாகத்தான் இருந்தது. விறைத்த கைக்கு எதைத் தொட்டாலும் சூடுதானே, தாய் மடிச்சூடு என்று நினைத்துக்கொண்டேன். கழுத்துக்குப் பின்னால் தொட்டுப் பார்க்க வேண்டும் என்பது நினைவுக்கு வரவே இல்லை. முதலில் சிணுங்கினான், பிறகு அடங்கிவிட்டான். பார்த்தாயா என் கைராசியை என்று எனக்கு ஒரே பெருமை.

கொஞ்ச நேரம்தான் போயிருக்கும். மடியில் அவன் உடம்பு வெட்டி இழுத்தது. கண் மேலே செருகியது. வாயோரம் நுரை. நான் போட்ட கூச்சலில் டீச்சர் ஓடிவந்தார். மப்ளரையும் கம்பளியையும் உருவி எறிந்தார். ஜன்னலைத் திறக்கச் சொன்னார். பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வைத்து, வெதுவெதுப்பான தண்ணீரில் துணியை நனைத்து அக்குள், கழுத்து, தொடை என்று துடைத்தார். பொம்மையை வைத்துச் சொல்லித்தந்த அதே கைகள், அதே நிதானம். நானோ சுவரோடு ஒட்டிக்கொண்டு, "பனின்னு சொன்னாங்க டீச்சர், அதான் போத்தினேன்" என்று புலம்பிக்கொண்டிருந்தேன்.

"ஐயோ பிள்ளே, இந்தப் பக்கம் பனின்னா காய்ச்சலாக்கும்!" என்றார் டீச்சர், துடைப்பதை நிறுத்தாமல்.

காய்ச்சல்காரப் பிள்ளையை நெருப்புப் பக்கத்தில் வைத்துக் கம்பளியால் மூடியிருக்கிறேன்! இழுப்பு நின்று அவன் வீறிட்டு அழுதபோதுதான் எனக்கு உயிர் வந்தது. அந்த மாதிரி இனிமையான அழுகையை நான் என் வாழ்நாளில் கேட்டதில்லை. டிஸ்பென்சரி கம்பவுண்டர் வந்து பார்த்து, சரியான நேரத்தில் துணியை அவிழ்த்தீர்கள் என்றார்.

தகவல் போய் அந்தத் தாய் தேயிலைச் செடிகளுக்கிடையே விழுந்தடித்து ஓடிவந்தாள். டீச்சர் மலையாளத்தில் நடந்ததை மறைக்காமல் சொன்னார். இந்தப் பிள்ளைகளை இங்கே கூட்டிவந்தவள் நான், தவறு என்னுடையது என்று அவர் சொன்னதை வீட்டுக்குப் போகும் வழியில் தோழி ஒருத்தி எனக்குச் சொன்னாள். அந்தத் தாய் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அடிப்பாள் என்று கன்னத்தைத் தயாராக வைத்திருந்தேன். அவள் பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு போய்விட்டாள். அடித்திருந்தால்கூட அன்று ராத்திரி தூங்கியிருப்பேன்.

அடுத்த சனிக்கிழமை எனக்கு வயிற்றுவலி வந்துவிட்டது. அத்தை விடுவாளா? "வயித்துவலின்னா வேப்பெண்ணெய் குடி, இல்லாட்டி கெளம்பு" என்றாள். வேறு வழியில்லாமல் போனேன். கொட்டகையில் ஒரு பிள்ளையையும் தொடாமல் மூலையில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். தோழி ஒருத்தி பிள்ளையை நீட்டியபோதுகூட கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். இனி ஜென்மத்துக்கும் பிள்ளை தூக்குவதில்லை என்று முடிவே செய்திருந்தேன்.

அப்போது அவள் வந்தாள், இடுப்பில் அவன். வாசலில் ஆயா கை நீட்டினார். கொடுக்கவில்லை. சுற்றும் முற்றும் பார்த்து, நேரே என் மூலைக்கு வந்தாள். அவள் கையில், அன்று பிள்ளைத் துணிகளோடு சேர்ந்து போய்விட்ட என் சிவப்பு மப்ளர், துவைத்து மடித்து இருந்தது. அதை விரித்து என் தலையைச் சுற்றி, இரண்டு காதும் மூடும்படி கட்டினாள்.

"இது நின்றெ பனிக்கு" என்றாள், சிரித்துக்கொண்டே.

தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்தில் பக்கத்து வீட்டுத் தமிழ்ப் பெண்ணிடம் எங்கள் பனி என்றால் என்னவென்று கேட்டுத் தெரிந்துகொண்டாளாம். பிறகு பிள்ளையை என் மடியில் வைத்தாள். என் கையைப் பிடித்துத் திருப்பி, புறங்கையை அவன் கழுத்துக்குப் பின்னால் வைத்து அழுத்தினாள். குளுகுளுவென்று இருந்தது.

"காய்ச்சல் இல்லா. கேட்டோ, காய்ச்சல் இல்லா" என்றாள். எனக்காகவே அந்தத் தமிழ் வார்த்தையைப் படித்துக்கொண்டு வந்திருந்தாள்.

நான் ஓவென்று அழுதுவிட்டேன். அந்தப் பயல் என்னவென்றால், மப்ளரின் குஞ்சத்தைப் பிடித்து வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தான். அவள் கூடையை மாட்டிக்கொண்டு, ஒருதரம்கூடத் திரும்பிப் பார்க்காமல் மூடுபனிக்குள் போனாள்.

பிறகு நானும் மூன்று பெற்று வளர்த்தேன். பேரன் பேத்திகளையும் குளிப்பாட்டினேன். இப்போதும் யார் வீட்டுப் பிள்ளையை வாங்கினாலும் என் புறங்கை தானாகக் கழுத்துக்குப் பின்னால் போய்விடுகிறது. பிள்ளைக்கு என்ன என்று தாயிடம் இரண்டு தரம் கேட்காமல் விடுவதும் இல்லை. ஆனால் ஒரு தரம் தவறிய கையிலேயே தன் பிள்ளையை மறுபடியும் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போக எவ்வளவு பெரிய மனசு வேண்டும் என்பது, என் முதல் பிள்ளையை அடுத்தவர் கையில் கொடுத்த அன்றுதான் எனக்குப் புரிந்தது.