ஏரம்பர் கழற்றிய தகரம்

பராசக்தியின் கோபத்தில் பால் காய்ச்சலாம் என்று இணுவிலில் ஒரு பேச்சு உண்டு. அதை மூட்டியவர் அவளுடைய செத்த புருஷனின் தமையன் ஏரம்பர். தம்பியின் அந்தியேட்டிச் சடங்கு முடிந்த கையோடு ஏணியுடன் வந்து, அவள் குசினிக் கூரையில் மின்னிய புதுத் தகரங்களைக் கழற்றினார்.

"தம்பிக்கு நான் எடுத்துக் குடுத்த தகரம், பிள்ளை. உனக்கு இது காணும்."

தம் மாட்டுக்கொட்டிலின் ஓட்டைத் தகரங்களை வேலிக்கு மேலால் எறிந்துவிட்டுப் போனார். யுத்த காலம், கடையில் தகரம் இல்லை. அந்த மாரி முழுவதும் பராசக்தி குடை பிடித்துக்கொண்டே சமைத்தாள். குழம்பில் மழை விழும்போதெல்லாம் பல்லைக் கடித்தாள். "கழட்டின கையாலேயே பூட்ட வைப்பன்!"

மழை ஓய்ந்தது. அரிசித் தட்டுப்பாடென்று விவசாயப் போதனாசிரியர் செல்வநாயகம் ஊருக்கு விதைக் கோதுமை கொடுத்தார். வேலிக்கு அந்தப் பக்கம் ஏரம்பர் விதைத்தார். இந்தப் பக்கம் பராசக்தி. அவள் அந்தத் தகரங்களின் ஓட்டைகளை அடைத்து வளைத்து, கிணற்றிலிருந்து பாத்திக்குத் தண்ணீர் ஓடும் பீலியாகப் போட்டாள். மாடு குடித்து மிஞ்சிய புளித்த கழுநீரையும் அதிலேயே ஊற்றுவாள், ஏரம்பரின் தலையில் ஊற்றுவதாக நினைத்துக்கொண்டு.

ஏரம்பரின் கோதுமை முழங்காலைத் தொடவில்லை. இலையெல்லாம் வெள்ளை வரி, கதிரெல்லாம் மணி பிடிக்காத சப்பி. பராசக்தியின் கதிரில் இருந்த காகமோ கந்தசுவாமி கோயில் கோபுரத்தைக் குனிந்து பார்த்தது. மணி ஒவ்வொன்றும் கோழிமுட்டை என்றால் பொய். புறாமுட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

செல்வநாயகம் பீலியைத் தடவிப் பார்த்தார்.

"எங்கடை மண்ணிலை சுண்ணாம்பு கூட, அக்கா. துத்தநாகம் கிடந்தாலும் வேருக்கு எட்டாது. அது இல்லாட்டிப் பயிர் குறளும், மணி சூம்பும். தகரத்திலை பூசியிருக்கிறது துத்தநாகந்தான். புளிச்ச கழுநீர் அதைக் கரைச்சுக் குடுத்திருக்கு."

"வேறை ஆருக்கும் சொன்னியளோ, தம்பி?"

"இல்லை."

"சொல்லாதேங்கோ. நேரம் வர நானே சொல்லுறன்."

அறுவடை முடிந்த பிறகும் அவள் கழுநீர் ஊற்றுவதை நிறுத்தவில்லை. பூச்செல்லாம் கரைந்து தகரம் செக்கச்சிவந்த அன்றுதான் வேலியடிக்குப் போனாள்.

"எல்லாம் நீங்கள் எறிஞ்ச தகரத்தின்ரை புண்ணியம், அத்தான்." துத்தநாகக் கதையை ஒன்றும் ஒளிக்காமல் சொன்னாள், பூச்சு போய்விட்டதை மட்டும் சொல்லவில்லை.

ஏரம்பருக்கு வயிறு எரிந்தது. "அது என்ரை தகரமெல்லே!"

"ஓம், உங்கடைதான். என்ரை புதுத் தகரத்தைக் கூரையிலை பூட்டிப்போட்டு உங்கடையைக் கொண்டுபோங்கோ."

ஏணி மறுபடி வந்தது. பராசக்தி கீழே நின்று ஆணி எடுத்துக் கொடுத்தாள். "அந்த மூலைக்கு இன்னும் ஒண்டு அடியுங்கோ, அத்தான். ஒழுகும்." ஏரம்பர் அடித்தார், இறங்கினார், துருவைத் தலையில் சுமந்துகொண்டு சிரித்தபடி போனார்.

அடுத்த போகமும் அவருக்குச் சப்பிதான். முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு குசினி வாசலில் வந்து நின்றார்.

"பிள்ளை, தகரம் வேலை செய்யேல்லையே?"

"துத்தநாகம் முழுக்க என்ரை கோதுமைக்குள்ளை போயிட்டுது, அத்தான். உங்களுக்கு வந்தது வெறும் இரும்பு." பராசக்தி மாவைப் பிசைந்தபடி, அவர் உட்காரப் பலகையைத் தள்ளிவிட்டாள். "இருங்கோ, ரொட்டி சுடுறன். அதிலை கொஞ்சம் கிடக்கும்."