சித்தி நடத்திய காற்றுப் பாடம்

ஒரு பாடம் நன்றாக நடந்தது என்று எதை வைத்துச் சொல்வது? திட்டம் போட்டபடி முடிந்ததை வைத்தா, பிள்ளைகள் வாயிலிருந்து வந்ததை வைத்தா? எம்.எஸ்ஸி. வரை படித்துவிட்டேன், ஏழு வயதுப் பெண்ணுக்கு அம்மாவும் ஆகிவிட்டேன், இன்னும் எனக்கு விடை தெரியவில்லை. ஒருவர் ஒன்றைச் சொன்னால் அதுவும் சரியென்று படுகிறது, இன்னொருவர் மாற்றிச் சொன்னால் அதுவும் சரியென்று படுகிறது. அதனால் என் சித்தி எடுத்த ஒரு பாடத்தைப் பற்றி எழுதிப் பார்க்கிறேன். அந்த வகுப்பில் நானும் ஒரு மாணவி.

அப்போது நாங்கள் கடலூருக்குத் தெற்கே, சிதம்பரம் போகும் சாலையை ஒட்டிய ஒரு கிராமத்தில் இருந்தோம். சாலைக்கு அந்தப் பக்கம் கம்பெனிகள். அவற்றில் ஒன்றில் அப்பாவுக்கு ஷிப்டு வேலை. காற்று எங்கள் பக்கம் திரும்பினால் வாடை வரும். சில நாள் அழுகின முட்டை மாதிரி, சில நாள் நகப்பூச்சு மாதிரி, சில நாள் இன்னதென்று சொல்ல முடியாத ஒரு திகட்டல். தெருவில் எல்லோரும் அதைப் பற்றிப் பேசுவார்கள். எங்கள் வீட்டில் மட்டும் பேச்சே வராது. ஒருமுறை நான் மூக்கைப் பிடித்துக்கொண்டு "உவ்வே" என்றபோது அம்மா என் கையைத் தட்டிவிட்டு, "அப்பா சாப்புட்றாரு இல்ல?" என்றாள். அப்பா சாப்பிடுவதற்கும் வாடைக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு விளங்கவில்லை. கையை மட்டும் இறக்கிக்கொண்டேன்.

அம்மாவின் தங்கையான சித்தி சிதம்பரத்தில் பி.எட். படித்துக்கொண்டிருந்தாள். கற்பித்தல் பயிற்சிக்கு எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம் கிடைத்ததால் எங்கள் வீட்டில் வந்து தங்கினாள். ஆறாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்க வேண்டும். நான் படித்ததும் ஆறாம் வகுப்பு. பயிற்சியின் கடைசியில் சிதம்பரத்திலிருந்து தேர்வாளர் வந்து பின்பெஞ்சில் உட்கார்ந்து ஒரு பாடத்தைப் பார்த்து மதிப்பெண் போடுவார். அதில் தேறினால் பண்ருட்டிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். தேறாவிட்டால் கல்யாணம் என்று தாத்தா சொல்லியிருந்தார். மாப்பிள்ளை கூட தயார்.

சித்தி எடுத்துக்கொண்டது காற்றின் பண்புகள். பாடத்திட்டத்தைக் கட்டம் கட்டமாக எழுதினாள். ஒரு கட்டத்தில் ஆசிரியர் செய்வது, அடுத்ததில் மாணவர் சொல்லப்போகும் விடை, அடுத்ததில் துணைக்கருவி, ஓரத்தில் எத்தனை நிமிடம் என்பது. பிள்ளைகள் வாயைத் திறப்பதற்கு முன்பே அவர்கள் சொல்லப்போவது அதில் எழுதியிருந்தது எனக்கு மாயவித்தை போல இருந்தது.

துணைக்கருவிகள் கூடம் முழுக்கக் கிடந்தன. குச்சியின் இரண்டு முனையிலும் தொங்கும் பலூன்கள், கண்ணாடித் தொட்டி, பிளாஸ்டிக் தாளில் வரைந்த வண்ணப்படங்கள். அந்தப் படங்களைச் சுவரில் பெரிதாகக் காட்டும் புரொஜெக்டரைக் கல்லூரியில் இரவல் வாங்கி, சிதம்பரத்திலிருந்து பஸ்ஸில் மடியில் வைத்தே கொண்டுவந்தாள்.

"காத்த காட்றதுக்கு இவ்ளோ சாமானா?" என்றார் அப்பா. "வாசல்ல வந்து நின்னா அதுவா அடிக்குது."

"சும்மா இருங்க மாமா. கண்ணால பாத்து காதால கேட்டாதான் பசங்களுக்கு மனசுல நிக்கும்."

"கரண்ட் போச்சுன்னா?"

சித்தி கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு சுருளை எடுத்து விரித்தாள். அதே படங்கள், சார்ட்டில். அப்பா கையெடுத்துக் கும்பிட்டார்.

சாயங்காலங்களில் ஒத்திகை. மொத்த வகுப்பும் நான்தான். நல்லாப் படிக்கிற பெண்ணும் நான், தூங்குகிற பையனும் நான். கடைசி ஒத்திகையில் சித்தி எனக்கு ஒரு வேலை கொடுத்தாள்.

"யாரும் சரியா சொல்லலன்னா நான் உன்ன பாப்பேன். நீ எழுந்து சொல்லணும். நான் பாக்காம எழுந்திருக்காத, முந்திரிக்கொட்ட மாதிரி."

தேர்வாளர் வரவிருந்த அன்று காலை வகுப்பறை ஜன்னல்களைச் சாத்தி எங்கள் வீட்டுப் போர்வைகளைத் தொங்கவிட்டோம். இருட்டினால்தான் படம் சுவரில் தெரியும். தேர்வாளர் வந்தார். கண்ணாடி போட்ட, அதிகம் பேசாத ஒரு அம்மா. எனக்கு நேர் பின்னால் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார்.

பாடம் தேர் மாதிரி நகர்ந்தது. பலூனை ஊசியால் குத்தியதும் குச்சி ஒருபக்கம் சாய்ந்தது. "அப்ப காத்துக்கு எடை உண்டா?" என்று கேட்டாள் சித்தி. "உண்டு!" என்று வகுப்பே கத்தியது. சுவரில் படம் விழுந்ததும் பையன்கள் சினிமா பார்ப்பதுபோல விசில் அடிக்கப் போய், பின்பெஞ்சு நினைவு வந்து வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

அப்போது கரண்ட் போனது.

சித்தி கலங்கவில்லை. சார்ட்டை ஆணியில் மாட்டினாள். சார்ட் தெரிய வெளிச்சம் வேண்டுமே, போர்வைகளை விலக்கி ஜன்னல்களைத் திறக்கச் சொன்னாள். பையன்கள் ஓடிப்போய்த் திறந்தார்கள். காற்று உள்ளே வந்தது. அது அழுகின முட்டை நாள்.

கரண்ட் போவதற்குத் திட்டத்தில் வழி இருந்தது. இதற்கு இல்லை. அடுத்த கட்டத்தில் என்ன எழுதியிருந்ததோ அதைத்தான் சித்தி கேட்டாள்.

"காத்துக்கு நிறம் உண்டா?"

"இல்ல டீச்சர்."

"சுவை உண்டா?"

"இல்ல டீச்சர்."

"மணம் உண்டா?"

"உண்டு டீச்சர்!"

ஆளாளுக்கு எழுந்தார்கள். "முட்ட வாட டீச்சர்!" "நேத்து வேற வாட டீச்சர், மருந்து வாட!" "டீச்சர், மழ வந்தா இன்னும் ஜாஸ்தியா வரும்!" "எங்க பாட்டிக்கு இருமல் வந்துரும் டீச்சர்!" வருஷம் முழுக்க வாயைத் திறக்காத பையன் ஒருவன், எந்தத் திசைக் காற்றுக்கு எந்த வாடை என்று கையை நீட்டிச் சொல்லிக்கொண்டிருந்தான். அந்த வகுப்பு அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை.

சித்தி சாக்பீஸை எடுத்துக்கொண்டு கரும்பலகைப் பக்கம் போனாள். கையைத் தூக்கினாள். எழுதவில்லை. திரும்பி என்னைப் பார்த்தாள்.

நான் எழுந்தேன். "காற்றுக்கு மணம் இல்லை, டீச்சர்."

என் குரல் எனக்கே வேறு மாதிரி கேட்டது. வகுப்பு கொல்லென்று சிரித்தது. பக்கத்தில் இருந்த ஜெனிபர் என்னைச் சுட்டிக்காட்டிக் கத்தினாள்: "டீச்சர், மூக்க பொத்திக்கிட்டே சொல்றா டீச்சர்!"

உண்மைதான். கை எப்போது மூக்குக்குப் போனதென்று எனக்குத் தெரியாது. திரும்பிப் பார்த்தேன். தேர்வாளர் அம்மாவும் புடவைத் தலைப்பால் மூக்கை மூடியபடி எதையோ எழுதிக்கொண்டிருந்தார்.

"சரியான விடை. உட்காரும்மா," என்றாள் சித்தி.

அதற்குப் பிறகு வகுப்பு அடங்கிவிட்டது. கேட்ட கேள்விக்கெல்லாம் எழுதிவைத்த விடையே வந்தது, மெல்லிய குரலில். திசை சொன்ன பையன் பெஞ்சில் நகத்தால் கீறிக்கொண்டிருந்தான். மணியடிப்பதற்கும் பாடம் முடிவதற்கும் சரியாக இருந்தது.

தாழ்வாரத்தில் தேர்வாளர் சித்தியிடம் சொன்னது என் காதில் விழுந்தது. "திட்டம் ரொம்ப நல்லா இருந்துச்சும்மா. கரண்ட் போயும் தடுமாறல. ஜன்னல மட்டும் மறுபடி சாத்தியிருக்கலாம்."

சித்தி தேறிவிட்டாள் என்பது அப்போதே தெரிந்துவிட்டது. அன்று சாயங்காலம் அப்பா டவுனிலிருந்து ஜாங்கிரி வாங்கி வந்தார். "கடைசில எம் பொண்ணுதான் காப்பாத்துனாளாமே? என்ன கேள்வி?" என்று கேட்டார்.

"காத்துக்கு மணம் உண்டான்னு கேட்டாங்கப்பா. எல்லாரும் தப்பா சொன்னாங்க. நாந்தான் இல்லன்னு சொன்னேன்."

அப்பா சிரிக்கவில்லை. "கெட்டிக்காரி" என்று என் தலையில் கை வைத்தார். கை கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது. அம்மா அவசரமாக, "இன்னொண்ணு எடுத்துக்குங்க," என்றாள். சித்தி எழுந்து பின்பக்கம் போய்விட்டாள்.

நான் பின்னாலேயே போனேன். குழாயடியில் சும்மா நின்றுகொண்டிருந்தாள்.

"சித்தி, நீங்க பாத்தீங்கன்னுதான எழுந்தேன்?"

"ஆமாம்டி, பாத்தேன்." குழாயைத் திருகி மூடிவிட்டு, "உன்னத்தான் பாத்தனா, உனக்குப் பின்னாடி அந்தம்மாவ பாத்தனா, எனக்கே தெரியல," என்றாள். "நீ செஞ்சது சரிதான். போய் ஜாங்கிரி தின்னு."

சரி என்று சொன்னவள் ஏன் மூக்கை உறிஞ்சினாள் என்று எனக்குப் புரியவில்லை. வேலை கிடைக்கப்போகிறது, கல்யாணம் தள்ளிப்போகிறது, வேறென்ன வேண்டும்? வாடை தாங்கவில்லை போல என்று நினைத்துக்கொண்டு, இன்னொரு ஜாங்கிரிக்காக உள்ளே ஓடினேன்.

சித்தி இப்போது தலைமை ஆசிரியை. போன வாரம் போனில் கேட்டேன், அன்றைக்குக் கரும்பலகையில் என்ன எழுதப் போனீர்கள் என்று. "அதெல்லாம் யாருக்கு ஞாபகம்? பாஸானேன்ல, அத பாரு," என்று சிரித்துவிட்டு, உடனே வேறு பேச்சுக்குப் போய்விட்டாள்.

நான் கேட்டதற்குக் காரணம் உண்டு. சிதம்பரத்தில் என் மகள் படிக்கும் பள்ளியில் திங்கட்கிழமை பெற்றோர் வந்து வகுப்பைப் பார்க்கலாம். மரங்களைப் பற்றி ஸ்மார்ட் போர்டில் பாடம். யார் எந்தக் கேள்விக்கு என்ன விடை சொல்ல வேண்டும் என்று மிஸ் வாட்ஸ்அப் குழுவில் அனுப்பிவிட்டார். அவர் புது ஆசிரியை. அவர் வகுப்பைப் பார்க்க நிர்வாகத்திலிருந்தும் வருகிறார்களாம். என் மகளுக்கு வந்த விடை: "எங்கள் தெருவில் நிறைய மரங்கள் உள்ளன."

ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தோம். பாதியில் நிறுத்திவிட்டு, "நம்ம தெருவுல ஒரு மரம் கூட இல்லியேம்மா. நான் எத சொல்லட்டும்?" என்று கேட்டாள். மிஸ் சொன்னதையே சொல் என்றேன். ராத்திரி சாப்பிடும்போது, உனக்குத் தெரிந்ததைச் சொல் என்றேன். காலையில், மிஸ் பாவம் என்றேன். அவள் என்னை விநோதமாகப் பார்க்கிறாள்.

திங்கட்கிழமை நானும் அங்கே பெற்றோரோடு பின்னால்தான் உட்கார்ந்திருப்பேன். கேள்வி வந்ததும் அவள் திரும்பி என்னைப் பார்ப்பாள், எனக்குத் தெரியும். அப்போது என் முகத்தை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும்? பிள்ளை வளர்த்தவர்கள், வகுப்பெடுத்தவர்கள் யாராக இருந்தாலும் சொல்லுங்கள். திங்கட்கிழமைக்குள் சொன்னால் நல்லது.