வேலித் தூணில் இரண்டு ஈயக் குண்டுகள்

நோர்பரியில் எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவே நெஞ்சளவு உயரத்தில் ஒரு பலகை வேலி. இந்த நாட்டில் அயலவர்கள் வாசலால் வருவதில்லை. வேலிக்கு மேலால் பேசுகிறார்கள். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர் கீத் என்னோடு பேசியதெல்லாம் முறைப்பாடுகள்தாம்: குப்பைத் தொட்டி, மீன் பொரிக்கும் மணம், எங்களிடம் வருபவர்களின் கார்கள். 2009 இளவேனிலில் வன்னிச் சண்டையை நிறுத்தச் சொல்லி எங்கள் சனம் பாராளுமன்றத்துக்கு முன்னால் வீதியில் உட்கார்ந்தபோது, தன் பஸ் சுற்றிப் போனதற்கும் என்னையே பொறுப்பாக்கினார். ஆகவே ஜூன் மாதத்து ஞாயிறு ஒன்றில் அவர் வேலித் தூணின் தட்டைத் தலையில் இரண்டு ஈயக் குண்டுகளை வைத்து என்னைக் கூப்பிட்டபோது, அதுவும் முறைப்பாடு என்றே நினைத்தேன்.

அன்று அவருக்குத் தேவைப்பட்டது ஒரு பார்வையாளர். இலையுதிர் காலத்தில் அமெரிக்காவுக்கு மான் வேட்டைக்குப் போகிறாராம். அங்கே ஒரு பருவத்தில் பழைய மாதிரித் துவக்குக்கு மட்டுமே அனுமதி: குழல் வாயால் வெடிமருந்தைக் கொட்டி, குண்டைப் போட்டு, கம்பியால் இடித்து இறுக்கிச் சுடுவது. ஒரு குண்டு ஐம்பது கலிபர், மற்றது ஐம்பத்து நாலு. எதை எடுப்பது என்று வாரக்கணக்காக யோசிக்கிறார். இரண்டுக்கும் வித்தியாசம் ஒரு மில்லிமீற்றர். உங்கள் பக்கத்தில் இப்படியான விளையாட்டெல்லாம் இருந்திருக்காது என்றார்.

என் மனைவியின் தம்பி செல்வன் கறிவேப்பிலைச் சாடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான். கையைத் துடைத்துவிட்டு வந்து இரண்டு குண்டுகளையும் உள்ளங்கையில் உருட்டினான்.

செல்வனின் அகதி வழக்கு ஒருமுறை நிராகரிக்கப்பட்டு, மேன்முறையீடு அடுத்த மாதம் இருந்தது. தோற்றால் ஊருக்குத் திருப்பி விமானத்தில் ஏற்றுவார்கள். முதல் விசாரணையில் அதிகாரி கேட்டார்: எப்போதாவது ஆயுதம் பாவித்திருக்கிறாயா? இல்லை என்றான். அதைப் பொய் என்று அவன் நினைக்கவேயில்லை. அவன் வளர்ந்த வன்னியில் ஆயுதம் என்பது இயக்கத்திடமும் ஆமியிடமும் இருந்தது. பன்றிக் காவலுக்கும் மானுக்கும் கூரையில் செருகி வைத்திருந்த இடியன், கீத் சொன்னதுபோல இடித்துச் சுடும் நாட்டுத் துவக்கு, மண்வெட்டியோடும் கத்தியோடும் சேர்த்தி. கொல்லனுக்குக் கிடைத்த குழாய் எந்தப் பருமனோ அதுதான் கலிபர். ஈயத்தை உருக்கி அதற்கேற்ற குண்டை வார்ப்பார்கள். தெரிவு செய்ய எதுவும் இல்லை. நான் யாழ்ப்பாணத்தில் பத்திரிகையில் இருந்த காலத்தில், இடியன் வெடித்துக் காயப்பட்டவர்களின் செய்தியை விபத்துச் செய்திகளோடுதான் போட்டோம். சண்டைச் செய்திகளின் பக்கத்துக்கு அது போனதில்லை.

"பெரிசுதான் நல்லம், அத்தான்" என்றான் என்னிடம். "சின்னன் பட்டா மான் காயத்தோட ஓடும். ஆனா பெரிசெண்டா கிட்டப் போய்த்தான் வைக்கவேணும். இந்தாளுக்கு அந்தப் பொறுமை இருக்கோ தெரியாது."

பிறகு கீத்திடம், "பிக் வன். கோ நியர்" என்று மூன்று விரல்களைச் சேர்த்துக் காட்டினான். மருந்தை இடித்த பின் கம்பி குழலுக்கு வெளியே எத்தனை விரல் நிற்கிறது என்பதே அங்கத்தைய அளவு. மற்றக் கை இல்லாத கம்பியைப் பிடித்து இடித்தது. வெறுமனே பார்த்தவனின் கை அல்ல அது, செய்து பழகிய கை.

கீத்தின் முகம் மாறியது. அவனிடம் எதுவும் கேட்கவில்லை, என்னிடம் கேட்டார்.

"டிவியில் காட்டுகிற அந்தத் துவக்குத் தூக்கிய கூட்டத்தில் இவனும் ஒருத்தனா? இவன் இங்கே இருப்பது பொலிசுக்குத் தெரியுமா?"

"படத்தில் பார்த்திருப்பான்" என்றேன். "இவன் டவுன் பொடியன். கோழி உரிக்கக்கூடத் தெரியாது."

கீத் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சிரித்தார். அப்படித்தான் தானும் நினைத்தாராம். செல்வனின் கையிலிருந்த குண்டுகளை வாங்கி, சட்டை நுனியால் துடைத்துப் பையில் போட்டார். தன் வீட்டுக் குசினிக் கதவடியில் நின்று, "ஐம்பதுதான்" என்றார், செல்வனுக்குக் கேட்கும்படி.

செல்வன் சாடிக்கு மிச்சத் தண்ணீரையும் ஊற்றினான். பிறகு சொன்னான்: "அந்த மான் பாவம், அத்தான். உடனயும் சாகாது."

மேன்முறையீட்டில் உண்மையையே சொன்னால் என்ன என்று அடுத்த நாள் கேட்டான். மொழிபெயர்ப்பாளரின் வாயிலிருந்து இடியன் வெறும் துப்பாக்கியாகத்தான் வெளியே வரும் என்றேன். கூரையையும் பன்றியையும் நீதிபதி கேட்டுக்கொண்டிருக்கமாட்டார்.

அன்றிலிருந்து நான் வேலையால் வந்ததும் குசினி மேசையில் அவன் எனக்கு முன்னால் உட்காருவான். நான் அதிகாரியாகி ஆங்கிலத்தில் கேட்பேன்: எப்போதாவது ஆயுதம் பாவித்திருக்கிறாயா? முன்பு கேட்டவுடன் வந்த பதில் இப்போது ஒரு மூச்சுப் பிந்தி வந்தது.

"நோ. நெவர்."

சொல்லும்போது அவனுடைய வலக்கையின் மூன்று விரல்கள் மேசைமேல் தாமாகவே ஒன்று சேர்ந்தன. கையை மேசைக்குக் கீழே வை என்றேன். வைத்தான். மறுபடியும் கேட்டுவிட்டுக் குனிந்து பார்த்தேன். அங்கேயும் சேர்ந்துதான் இருந்தன.