சல்லடையில் ஓடிய ஜீப்

எங்கள் ஜீப்பை அக்கா முதன்முதலில் ஓட்டியது மாவுச் சல்லடையில்தான். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, காலடியில் மூன்று செங்கற்களை வரிசையாக வைத்து, சல்லடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வாயாலேயே உறுமுவாள். அரிசி மூட்டையில் செருகிய மத்துதான் கியர். சமையலறையிலிருந்து அம்மா சல்லடையைக் கேட்டுக் கத்தினால், வளைவு தாண்டட்டும் என்று பதில் வரும்.

எண்பதுகளின் நடுவில் நாங்கள் பாப்பிரெட்டிப்பட்டியில் இருந்தோம். அப்பாவுக்குப் புளி வியாபாரம். அதற்காக ஒரு பழைய ஜீப் வைத்திருந்தார், ஆனால் அவருக்கு ஓட்டத் தெரியாது. ஓட்டியவரை நாங்கள் டிரைவர் அண்ணன் என்போம். அந்தக் கோடையில் அவருக்கு பஸ் கம்பெனியில் வேலை கிடைத்துவிட்டது. போவதற்குள் எங்கள் இரண்டு பேரில் ஒருவருக்குத்தான் சொல்லிக்கொடுக்க முடியும் என்றார். அக்காவுக்குப் பதினெட்டு முடிந்திருந்தது, எனக்கு முடிய இன்னும் சில மாதங்கள். ஞாயிற்றுக்கிழமை இருவரும் ஓட்டிப் பார்க்கட்டும், யார் கைக்கு வருகிறதோ பார்க்கலாம் என்று அப்பா சொல்லிவிட்டார். உறவுக்காரர்கள் எல்லாருக்கும் அதற்கு முன்பே முடிவு தெரிந்திருந்தது. பையன் இருக்கும்போது பெண் பிள்ளைக்கு எதற்கு ஜீப்? அக்காவுக்கும் ஒன்று தெரிந்திருந்தது. இதை விட்டால் அடுத்தது கல்யாணம். போகிற வீட்டில் யார் வண்டியைக் கையில் கொடுக்கப் போகிறார்கள்?

வண்டி பழகுவதற்கு முன்னால் என்னென்ன தெரிந்துகொள்ள வேண்டும் என்று இப்போது என் மகள் செல்போனைக் கேட்கிறாள். எங்களுக்கு சித்தேரி மலை பஸ்தான் இருந்தது. மலைமேல் அத்தை வீடு, லீவு விட்டால் அங்கேதான். நான் பின்படிக்கட்டில் தொங்கிக்கொண்டு போவேன். ஹாரன் சத்தத்தை வைத்தே எந்த பஸ் என்று சொல்லுவேன், என்னைப் போல் விவரம் தெரிந்தவன் ஊரில் இல்லை என்று நினைப்பு. பெண்களுக்கு முன்பக்கம் சீட். அதிலும் இன்ஜின் பெட்டிக்குப் பக்கத்து சீட் அடுப்பங்கரை மாதிரி கொதிக்கும், யாரும் உட்கார மாட்டார்கள். அக்கா அதைத்தான் ஓடிப் போய்ப் பிடிப்பாள். மலை ஏறி இறங்கும் வரை டிரைவரின் கையையும் காலையும் பார்த்துக்கொண்டே வருவாள். ஜன்னலைத் திரும்பியும் பார்க்க மாட்டாள். இவள் அப்படி என்னதான் பார்க்கிறாள் என்று எனக்குப் புரிந்ததே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை தண்ணீர் வற்றிய ஏரிக்குப் போனோம். நான்தான் முதலில். ஜீப் இரண்டு குதி குதித்து நின்றுவிட்டது. மறுபடி குதித்தது, மறுபடி நின்றது. பின்னால் உட்கார்ந்திருந்த அப்பாவின் தலை கம்பியில் இடித்ததுதான் மிச்சம். அடுத்து அக்கா உட்கார்ந்தாள். வண்டி வெண்ணெய்போல் நகர்ந்தது. எனக்கு வயிறு எரிந்தது.

ஏரிக்கரை மேல் ஏறி மறுபக்கம் இறங்கும்போதுதான் அது நடந்தது. அக்கா இடது முட்டியைச் சாய்த்து கியர் கம்பியில் அழுத்திக்கொண்டாள். கம்பியை உதைக்கிறாள் என்று நினைத்து அப்பா நிறுத்தச் சொல்லிச் சத்தம் போட்டார். அவள் நிறுத்திவிட்டு, இறக்கத்தில் இப்படித்தானே ஓட்ட வேண்டும் என்றாள். டிரைவர் அண்ணனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"அது அந்த மலை பஸ்ஸோட சீக்கு பாப்பா. எறக்கத்துல கியர் நழுவிக்கும், அதனால டிரைவர் முட்டிய அண்டக் குடுப்பாரு. நம்ம வண்டிக்கு அதெல்லாம் இல்ல."

அக்காவின் முகம் செத்துவிட்டது. மத்தைக்கூட முட்டியால் அழுத்தி அழுத்திப் பழகியவள் அவள். போச்சு, இனி என் முறைதான் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு குதூகலம். அவளோ ஸ்டியரிங்கை விடவில்லை. டிரைவர் அண்ணன் பக்கம் திரும்பிக் கேட்டாள்.

"அப்ப நான் பாத்து வெச்சதுல எதெல்லாம் வண்டி ஓட்டறது, எதெல்லாம் அந்த பஸ்ஸோட சீக்குங்கண்ணா?"

ஒவ்வொன்றாகக் கேட்டாள். கிளட்சை இரண்டு தடவை மிதிப்பது? முதல் கியர் போட நம்ம ஜீப்புக்கும் வேண்டும் என்றார். வளைவில் ஹாரன்? கண்டிப்பாக வேண்டும். வலது தோளைக் கதவில் சாய்த்துக்கொள்வது? அது அந்த டிரைவரின் இடுப்பு வலி. கிளப்புவதற்கு முன் முன்பலகையைத் தட்டிக்கொடுப்பது? அது அவருக்கும் வண்டிக்கும் உள்ள ஒட்டுறவு, நமக்கு வேண்டாம். கேட்கக் கேட்க அவள் முகம் தெளிந்துகொண்டே வந்தது. டிரைவர் அண்ணனும் சிரிப்பதை விட்டுவிட்டார்.

அப்பா தலையைத் தடவிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இத்தன வருசமா வண்டியிலதான் போறன் வர்றன், ஒரு நாளும் இதயெல்லாம் கேக்கணும்னு எனக்குத் தோணலயே" என்றார். "வூட்டுக்கு நீயே ஓட்டிக்கிட்டு வா கண்ணு."

எனக்கு அழுகை முட்டியது, மறைக்கவில்லை. யாரும் பார்க்கவும் இல்லை. அக்கா வண்டியைக் கிளப்பப் போனாள். பின்னால் அப்பாவோடு உட்கார்ந்திருந்த நான், என்னவோ தோன்றி இறங்கி, சுற்றி வந்து, டிரைவர் அண்ணனை நெருக்கித் தள்ளிக்கொண்டு முன்னால் உட்கார்ந்தேன். அக்கா ஏன் என்பதுபோல் பார்த்தாள். கால் எப்படிப் போகிறது என்று பார்க்க வேண்டும் என்றேன். கேலி செய்வாள் என்றுதான் எதிர்பார்த்தேன். அவள் குனிந்து, பெடல்களை மறைத்துக் கிடந்த பாவாடை ஓரத்தைச் சற்றே ஒதுக்கிக்கொண்டாள்.

"இப்பத் தெரியுதாடா?"