இருபத்துமூன்று வயதுக்கு உட்பட்ட என் தம்பி

மே மாதத்தில் ஒருநாள் காலையில் வங்கியிலிருந்து என் கைபேசிக்குப் பிறந்தநாள் வாழ்த்து வரும். ஒரு கேக், இரண்டு பலூன், கீழே ஏதோ ஒரு திட்டத்துக்கான விளம்பரம். அதைப் படித்து முடிப்பதற்குள் என் தம்பி ஏழுமலை போன் செய்துவிடுவான்.

"இன்னாக்கா, உனுக்கும் வந்துட்டுதா?"

"வந்துட்டுதுடா."

"எனுக்கு ரெண்டு வந்துட்டுது. பேங்க்ல ஒண்ணு, இன்சூரன்ஸ்ல ஒண்ணு. நீ வேணா ஒண்ண எடுத்துக்க."

வருடா வருடம் இதே பேச்சுதான். இந்த வருடமும் பேசினோம். இதில் வேடிக்கை என்னவென்றால், நாங்கள் இருவருமே அந்தத் தேதியில் பிறந்தவர்கள் இல்லை. நான் ஆடி மாதத்துப் பிள்ளை. அவன் எனக்கு ஒன்றரை வருடம் கழித்து, தை மாதத்தில், பொங்கல் முடிந்த பத்தாம் நாள் பிறந்தவன். ஆனால் அரசாங்கத்தைக் கேட்டால் நாங்கள் இரட்டைப் பிள்ளைகள். எங்களை அப்படிப் பெற்றெடுத்தவர் ஆரம்பப் பள்ளித் தலைமை ஆசிரியர்.

அந்த வாழ்த்து வந்த அன்றைக்கு நான் கமிட்டி வழியாக ஆபீசுக்குப் போய்க்கொண்டிருந்தேன். செஞ்சிக்காரர்களுக்குக் கமிட்டி என்றால் நெல் ஏலம் நடக்கிற ஒழுங்குமுறை விற்பனைக் கூடம்தான். வாசலில் நெல் லாரிகள் நின்றிருந்தன. நெல் சுனை காற்றில் வந்து கழுத்தில் ஒட்டியது. அந்த அரிப்பும் அந்த வாசனையும் சேர்ந்து வந்தால் எனக்கு ஆபீஸ் மறந்துபோகும். எங்கள் நைனா அங்கே மூட்டை தூக்கியவர். வீட்டுக்கு வந்தாலும் அவர் சட்டையில் அந்த வாசனைதான் இருக்கும். அம்மா துவைத்துத் துவைத்துப் பார்த்துவிட்டு விட்டுவிட்டாள்.

அம்மா களை எடுக்க, நாற்று நடப் போவாள். அதனால் தம்பி என் இடுப்பில் இருந்தான். எனக்கு ஆறு வயது ஆகப் போகிறது, அவனுக்கு நாலு முடிந்து நாலு மாதம். என்னைப் பள்ளியில் சேர்க்க அம்மா போனபோது அவனும் கூட வந்தான். அந்தக் காலத்தில் வயதைப் பார்க்கச் சான்றிதழ் கேட்கமாட்டார்கள். கையைத் தலைக்கு மேலே வளைத்து எதிர்ப்பக்கத்துக் காதைத் தொட வேண்டும். நான் தொட்டேன். அவனுக்கு எட்டவில்லை. தலையை நன்றாகச் சாய்த்து, காதைக் கைக்குக் கொண்டுவந்து தொட்டுவிட்டு, தலைமை ஆசிரியரைப் பார்த்துச் சிரித்தான்.

"பொண்ண சேத்துக்கறேம்மா. பையன் பொறுக்கட்டும்" என்றார் அவர்.

"அவன யாரு சார் பாத்துக்கறது? இவதான் தூக்கினு திரியறா. போட்டா ரெண்டையும் போட்டுக்குங்க. இல்லன்னா ரெண்டும் வேணாம்" என்றாள் அம்மா.

அவர் நல்ல மனுஷர். ஒரு பெண் பிள்ளை படிக்காமல் திரும்பிப் போவது அவருக்குப் பிடிக்கவில்லை. தம்பிக்கு ஐந்து வயது என்று எழுதலாம் என்று பார்த்தார். எழுதினால் எனக்கும் அவனுக்கும் பத்து மாதம்தான் இடைவெளி வருகிறது. பள்ளி இன்ஸ்பெக்டர் கேட்டால் என்ன சொல்வது? கொஞ்சநேரம் பேனாவைத் தட்டிக்கொண்டிருந்தவர், என்னை இழுத்துச் சின்னவளாக்கி, அவனை இழுத்துப் பெரியவனாக்கி, நடுவில் ஒரு மே மாதத் தேதியைப் போட்டு, பக்கத்தில் 'இரட்டையர்' என்று எழுதினார். இரட்டை என்றால் யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள் அல்லவா!

இரட்டையரில் ஒருத்தியின் தோளுக்குக் கீழே இன்னொருவனின் தலை இருந்ததைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை. ஆக, அவன் கூட வந்ததால்தான் எனக்குப் பள்ளிக்கூடம் கிடைத்தது. இதை நான் எங்கும் மறைத்ததில்லை.

பள்ளி விட்டால் நைனாவைப் பார்க்கக் கமிட்டிக்குப் போவோம். சிமென்ட் களம் முழுக்க நெல் குவியல் குவியலாகக் கிடக்கும். குவியலுக்கும் குவியலுக்கும் நடுவே ஒரு ஆள் நடக்க வழி. அந்த வழியில்தான் ஏழுமலை பந்து உதைத்தான். பந்து நெல்லில் பட்டுவிட்டால் மூட்டைக்காரர்கள் பிடுங்கி வைத்துக்கொள்வார்கள், சாயங்காலம் வரை தரமாட்டார்கள். அதனால் பந்தைக் காலைவிட்டுப் பிரியாமல் கொண்டுபோகக் கற்றுக்கொண்டான். குவியல் ஓரத்தில் சட்டென்று திரும்புவான். ஒரு நெல்மணி அசையாது. நான் பைக்கட்டின் மேல் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவேன். அவனுடையதையும் சேர்த்துத்தான்.

பின்னால் உயர்நிலைப் பள்ளியில் மலையடிவாரத்துப் பெரிய மைதானத்தில் அவனை முதன்முதலாக இறக்கிவிட்ட பி.டி. சார் தலையில் அடித்துக்கொண்டார். "நேரா ஓட்றா! எதுக்குடா வளைஞ்சு வளைஞ்சு போற?" இவன் அங்கே இல்லாத நெல் குவியல்களைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தான். ஆனால் அவனைத் துரத்திய மூன்று பேரும் கீழே கிடந்தார்கள். பி.டி. சார் அன்றைக்கே அவன் பெயரை அணியில் எழுதிக்கொண்டார்.

அதிலிருந்து விளையாட்டு விடுதி, பிறகு சென்னையில் ஒரு கிளப், பிறகு மாநில அணி. நான் இங்கே படித்து, தேர்வு எழுதி, தாலுகா ஆபீசில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்தேன். எங்கள் வீட்டில் மாதச் சம்பளம் என்று ஒன்று வந்தது அதுதான் முதல்முறை. சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தபோது அவனுக்கு அந்தக் கடிதம் வந்தது. ஒலிம்பிக் கால்பந்துக்கான தகுதிச் சுற்று வருகிறது, இருபத்துமூன்று வயதுக்கு உட்பட்டோர் இந்திய அணிக்கு ஆள் தேர்வு செய்யப் பயிற்சி முகாம், அதற்கு வரவேண்டும் என்று.

உங்களுக்குத் தெரிந்திருக்கும், ஒலிம்பிக்கில் ஆண்கள் கால்பந்து இளைஞர்களுக்கானது, வயது தாண்டியவர்கள் அணிக்கு மூன்று பேர் மட்டும் ஆடலாம். எங்களுக்கு அதெல்லாம் கடிதம் வந்த பிறகுதான் தெரிந்தது. நைனா கமிட்டி முழுக்கச் சொல்லிவிட்டார், "எம்புள்ள ஒலிம்பிக் போறான்" என்று. முகாமுக்குப் போகிறவர்களில் பாதிப் பேர் திரும்பி வந்துவிடுவார்கள், மீதிப் பேர் ஆசியாவில் எத்தனையோ நாடுகளை ஜெயித்தால்தான் ஒலிம்பிக் என்று நான் விளக்கினேன். "அதெல்லாம் ஜெயிச்சுக்குவான்" என்றார். மூட்டைக்காரர்கள் அவனுக்கு மாலை போட்டு டீ வாங்கிக் கொடுத்தார்கள். தங்கம் எத்தனை பவுன் இருக்கும் என்று ஒருவர் கேட்டார்.

கடிதத்தில் ஒரு வரி இருந்தது. இன்ன வருடம் ஜனவரி முதல் தேதிக்குப் பிறகு பிறந்தவர்களுக்கு மட்டும். அந்த வருடத் தையில் பிறந்தவன்தான் அவன். உண்மையில் மூன்று வாரம்போல உள்ளே இருந்தான். ஆனால் சான்றிதழில் அதற்கு முந்தைய மே மாதம். ஏழு மாதம் வெளியே நின்றான்.

அவன்தான் முதலில் கவனித்திருக்கிறான். சாப்பிடும்போது மெதுவாகச் சொன்னான். நைனாவுக்குக் கோபம் வரவில்லை, யோசனைதான் வந்தது.

"மூணு பேரு பெரியவங்க ஆடலாம்னு சொன்னியே? அதுல ஒருத்தனா இவன சேத்துக்கச் சொல்லு."

"அது ஒலிம்பிக் போனப்புறம் நைனா. அதுவும் உலகமே தெரிஞ்ச ஆட்டக்காரங்களுக்கு."

"இவன மட்டும் யாருக்குத் தெரியாது? கமிட்டிக்கே தெரியும்."

அம்மா மட்டும் சாப்பிடாமல் எழுந்துவிட்டாள்.

ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் தம்பி பிறந்தது இருந்தது. பெயர் இல்லாமல், 'ஆண், இரண்டாவது பிரசவம்' என்று. நான் தாலுகா ஆபீஸ் பழக்கத்தில் அதன் நகலை வாங்கிவிட்டேன். பெரிய காரியம் செய்துவிட்ட நினைப்பு எனக்கு. அதை எடுத்துக்கொண்டு நானும் அவனும் பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு மாடியில் இருந்த வக்கீலைப் பார்க்கப் போனோம்.

வக்கீல் நகலைப் படித்தார். எங்கள் இருவரின் பத்தாம் வகுப்புச் சான்றிதழ்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"கோர்ட்ல போட்டுப் பாக்கலாம். அவசரம்னு கேக்கலாம். கெடைக்கும்னு உறுதி சொல்லமாட்டேன். ஆனா ஒண்ணு, இது இரட்டைப் பிரசவம் இல்லன்னு நிரூபிக்கணும். அதுக்கு நீங்கதாம்மா சத்தியப் பிரமாணத்துல கையெழுத்துப் போடணும், என் தேதியும் தப்புன்னு."

"போட்டா என்ன சார் ஆகும்?" என்று கேட்டது நான் இல்லை, தம்பி.

"அக்கா வேலைக்குச் சேந்தது இந்தத் தேதியிலதானே? இன்னும் ப்ரொபேஷன்ல இருக்காங்க. ஆபீஸ்ல விளக்கம் கேப்பாங்க. ஒண்ணும் ஆகாமலும் போகலாம். வேலை போனாலும் போகலாம். நான் ரெண்டையும் பாத்திருக்கேன்."

பக்கத்து அறையில் டைப் அடிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. நான் வக்கீலின் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். போடுகிறேன் சார் என்று சொல்ல வேண்டும். இரண்டு வார்த்தை. எனக்குச் சம்பள நாள் நினைவுக்கு வந்தது, நைனாவின் முதுகு நினைவுக்கு வந்தது, ஆபீசில் எனக்கென்று போட்டிருந்த மேசை நினைவுக்கு வந்தது. மேசைதான் அதிகமாக நினைவுக்கு வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். உங்களிடம் என்ன மறைப்பது. தம்பி ஜன்னல் பக்கம் திரும்பி பஸ்களைப் பார்ப்பதுபோல இருந்தான். ஒரு நிமிடமோ இரண்டு நிமிடமோ போனது.

அவனே கையை நீட்டிக் காகிதங்களை எடுத்து மடித்தான். "வுடுங்க சார். நாலு கோல் வாங்கினு திரும்பி வர்றதுக்கு எதுக்கு இவ்ளோ டென்ஷன்?" என்று சிரித்தான். வக்கீலும் சிரித்தார். நானும் சிரித்தேன்.

கீழே இறங்கியதும் எனக்குக் கரும்புச் சாறு வாங்கிக் கொடுத்தான். எலுமிச்சை பிழிந்து, ஐஸ் போடாமல், எனக்குப் பிடித்த மாதிரி. நான் அதையும் குடித்தேன்.

அணி அவன் இல்லாமல் போனது. வெளியூர் மண்ணில் ஒரு ஆட்டம், இங்கே ஒரு ஆட்டம். பத்திரிகையில் விளையாட்டுப் பக்கத்தின் மூலையில் நாலு வரி போட்டிருந்தார்கள். தோற்றுவிட்டார்கள், ஒலிம்பிக் இல்லை. ஆபீசில் அந்த நாலு வரியைப் படித்தபோது எனக்குள் ஒரு நிம்மதி வந்தது. நம் நாடு தோற்றதற்கு நிம்மதிப்பட்ட ஒரு அரசு ஊழியர் அன்றைக்குச் செஞ்சியில் இருந்தார். போயிருந்தாலும் இதுதானே நடந்திருக்கும் என்று அன்றிலிருந்து எனக்கு நானே சொல்லிக்கொள்ள ஆரம்பித்தேன். அவன் போயிருந்தால் ஜெயித்திருக்கலாமோ என்று ஒருமுறைகூடக் கேட்டுக்கொள்ளவில்லை. கெட்டிக்காரிதான்.

இந்தியச் சட்டை ஒருமுறை போட்டிருந்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை நிச்சயம் என்று அவன் கூட்டாளிகள் சொல்வார்கள். அது கிடைக்கவில்லை. ஒப்பந்தத்தில் சில வருடம் ஆடினான், முட்டி போனது, ஊருக்கு வந்துவிட்டான். இப்போது திருவண்ணாமலை ரோட்டில் டயர் கடை வைத்திருக்கிறான். நன்றாகவே இருக்கிறான். மனைவி, இரண்டு பெண்கள். நான் துணை வட்டாட்சியர் வரை வந்துவிட்டேன். அவனுக்கு ஒரு குறையும் இல்லை என்றுதான் எல்லோரும் சொல்வார்கள், நானும் சொல்வேன்.

இந்த மே மாதம் வாழ்த்து வந்த அன்று சாயங்காலம் அவன் கடைக்குப் போனேன். செல்போனை ஒரு டயரின் மேல் சாய்த்து வைத்து எதையோ பார்த்துக்கொண்டிருந்தான். இந்திய இளைஞர் அணி எங்கேயோ ஆடிய ஆட்டம். இப்போதெல்லாம் நாலு வரிக்குக் காத்திருக்க வேண்டியதில்லை, முழு ஆட்டமும் கைக்கே வந்துவிடுகிறது. வலது ஓரத்தில் ஒரு பையன் பந்தைக் கொண்டுபோய்க் கோட்டுக்கு வெளியே விட்டான்.

"திரும்புடா, திரும்புடா… ச்சே. உட்டுட்டான்" என்றான். அப்படிச் சொல்லும்போது அவன் கால் கட்டை விரல் செருப்புக்குள் லேசாகத் திரும்பியது. அதைப் பார்த்ததும் எனக்குத் தாங்கவில்லை.

"டேய், அன்னிக்கு வக்கீல் மாடில நான் கையெழுத்துப் போடறேன்னு சொல்லியிருக்கணும்டா."

அவன் ஆட்டத்தை நிறுத்தவில்லை, சத்தத்தை மட்டும் குறைத்தான்.

"வேல போயிருக்கும்க்கா. நீ போடறேன்னு சொல்லியிருந்தாலும் நான் வேணான்னுதான் சொல்லியிருப்பேன்."

"தெரியும்டா."

"ஆனா, நீ சொல்லுவியான்னு பாத்துனு இருந்தேன்."

கோபமாகச் சொல்லவில்லை. பஞ்சர் எந்த இடத்தில் என்று காட்டுகிற மாதிரிதான் சொன்னான். அதற்குள் ஒரு டிராக்டர் வந்து நின்றது. எழுந்து போய்விட்டான்.

திரும்பி வரும்போது பஸ் நிலையத்துக்குப் பின்னால் சுற்றிக்கொண்டு வந்தேன். வக்கீல் இறந்து பல வருடம் ஆகிறது. அந்த மாடியை இடித்து, கண்ணாடி வைத்துத் துணிக்கடை கட்டியிருக்கிறார்கள். கமிட்டிக் களத்தில் கூரை வந்துவிட்டது. அம்மாவும் நைனாவும் போய்விட்டார்கள். பள்ளிக்கூடங்களில் இப்போது பிறப்புச் சான்றிதழ் இல்லாமல் கம்ப்யூட்டர் பிள்ளையையே ஏற்றுக்கொள்வதில்லை. எந்தத் தலைமை ஆசிரியரும் யாரையும் இரட்டையாக்க முடியாது. நல்லதுதான். இவற்றில் எதற்காகவும் நான் பெரிதாக வருத்தப்படுகிறவள் இல்லை.

ஆனால் அவன் பஸ்ஸைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான் என்று நம்பிக்கொண்டு இத்தனை வருடம் நிம்மதியாக இருந்தேன். அது இப்போது இல்லை.