ஊமைப் பந்தி

என்னோடு வேலை செய்த வெள்ளைக்காரி ஒருத்தி தான் ஒரு பேகன், ஏசுவுக்கு முந்திய பழைய தெய்வங்களைக் கும்பிடுகிற ஆள், என்று சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் அப்பார்ட்மென்ரில் கீழ்மாடியில் இருக்கிற மன்னார் அன்ரியிடம் போய் அதைச் சொன்னேன். அன்ரி ஒரு பூசையும் தவறவிடாத கத்தோலிக்கர். "உது அஞ்ஞானியளின்ரை கூட்டம், பிள்ளை. உதுக்குள்ளை போகாதை," என்றார். "ஒரு காலத்திலை சைவக்காரர் எங்களையும் உங்கடை ஆக்கள் அப்பிடித்தானே சொன்னவை, அன்ரி," என்றேன். அன்ரி ஒரு கிழமை என்னோடு சரியாகக் கதைக்கவில்லை. எனக்கு வாய் கொஞ்சம் நீளம்தான்.

எங்கள் நகரத்தின் மில்லிக்கன் பக்கம் மூக்குக் கண்ணாடிக்கு வில்லை தீட்டுகிற இடம் ஒன்றில் அந்த வெள்ளைக்காரிக்கும் எனக்கும் பக்கத்துப் பக்கத்து மேசை. அறுபது தாண்டிய மனுசி. கார் ஓடமாட்டாள். அவளுடைய வீடு ஏரிப் பக்கம்; எங்களுடையது மோர்னிங்சைட். கொஞ்சம் சுற்றுத்தான், ஆனாலும் பனிக்குள் பஸ்ஸுக்கு நிற்கிறாளே என்று பின்னேரங்களில் கொண்டுபோய் இறக்கிவிடத் தொடங்கினேன். அதற்குக் கைமாறாக அவள் என்னைத் தன் பண்டிகைகளுக்குக் கூப்பிட்டாள்.

வருசத்துக்கு எட்டுப் பண்டிகை அவர்களுக்கு. மிக நீண்ட இரவுக்கு ஒன்று, மிக நீண்ட பகலுக்கு ஒன்று, இரவும் பகலும் சமமாகிற இரண்டு நாட்களுக்கு இரண்டு, இடையிடையே நான்கு. பெப்ரவரித் தொடக்கத்தில், முழங்காலளவு பனிக்குள் நின்றுகொண்டு, வசந்தம் கண் விழித்துவிட்டது என்று மெழுகுதிரி கொளுத்துவார்கள். தைப்பொங்கலன்று மைனஸ் இருபதில் பல்கனியில் நின்று சூரியனைத் தேடுகிற எங்களுக்கு அதைப் பகிடி பண்ண உரிமை இல்லை. அதனால் நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன். ஐந்தாறு பேர்தான் வருவார்கள். எல்லோரும் வயது போன, மெதுவாகக் கதைக்கிற ஆட்கள். சாப்பிட்டு முடிந்ததும் மனுசி ஒரு துணிப்பையைக் கொண்டுவருவாள். அதற்குள் ஏரிக்கரையில் பொறுக்கிய தட்டையான கற்கள், இருபத்துநான்கு. ஒவ்வொன்றிலும் வடநாட்டுப் பழைய எழுத்து ஒன்று சிவப்பு மையால் கீறியிருக்கும். ரூன் என்பார்கள். மனதுக்குள் ஒரு கேள்வியை நினைத்துக்கொண்டு பைக்குள் கையை விட்டு ஒரு கல்லை எடுக்க வேண்டும். அவள் பலன் சொல்வாள்.

நான் அங்கே போனது பண்டிகைக்காக இல்லை. கல்லுக்காகத்தான்.

எனக்கு ஒரு தம்பி. யுத்தம் முடிந்த அந்த வருசம் அவனுக்கு இருபத்தாறு வயது. வன்னிக்குள் இருந்து கடைசியாக மாசி மாதம் எங்கள் வீட்டுக்கு ஃபோன் எடுத்தான். அதன்பிறகு இல்லை. பிணமும் இல்லை, கடிதமும் இல்லை, கண்ட ஆளும் இல்லை. அம்மா அப்போதே இங்கே என்னோடுதான் இருந்தார். இன்றைக்கும் அந்தப் பழைய லைனை வெட்ட விடமாட்டார். அவனுக்குத் தெரிந்த நம்பர் அது ஒன்றுதான். அந்த லைனுக்கு இப்போது வருவதெல்லாம் வீட்டுக் காற்றுக் குழாய் துப்புரவாக்கலாமா என்று கேட்கிற விளம்பர அழைப்புகள். அவற்றில் ஆள் கதைக்கத் தொடங்க முதல் நாலைந்து செக்கன் ஒரு சத்தமும் இருக்காது. அந்த நாலைந்து செக்கனும் அம்மா ரிசீவரைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, "சொல்லு தம்பி," என்பார். நான் சமையலறையில் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். எத்தனை வருசம் கேட்டும் எனக்கு அது பழகவில்லை. கதவைப் பூட்டினாலும் வீட்டுக்குள் யாரோ வரப் பார்த்துக்கொண்டு நிற்கிற மாதிரியே இருக்கும்.

கோயிலில் உயிரோடு இருக்கிறவர்களுக்கு அருச்சனை, இல்லாதவர்களுக்கு மோட்ச அருச்சனை. அம்மா வருசாவருசம் அவனுடைய பிறந்த நட்சத்திரத்தன்று அருச்சனைத் தட்டோடு வரிசையில் நிற்பார். பேரும் நட்சத்திரமும் சொல்லும்போது குரல் கொஞ்சம் உயரும், யாரும் மறுத்துவிடக் கூடாது என்கிற மாதிரி. சாதகத்தைக் கொண்டு போகாத சாத்திரிமார் இல்லை. எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள்: உயிருக்குப் பங்கமில்லை, மேற்குத் திசையில் இருக்கிறார். எதிரே ஒரு தாய் இருந்து கண்ணைப் பார்த்தால் நானும் அதைத்தான் சொல்வேன். ஏரிக்கரைக் கல்லுக்கு எங்களைத் தெரியாது. தெரியாதது எதற்குப் பொய் சொல்லப்போகிறது என்று நினைத்தேன். ஓவர்ரைம் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் பண்டிகைக்குப் பண்டிகை போனேன். ஒவ்வொரு முறையும் ஒரே கேள்வி: இருக்கிறானா, இல்லையா.

கல்லையும் நம்ப முடியவில்லை; ஒவ்வொரு முறையும் ஒவ்வொன்று சொன்னது. மார்கழியில் பயணம் என்று வந்தது. ஒரு மாதம் சந்தோசமாகத் திரிந்தேன். பங்குனியில் ஆலங்கட்டி மழை, அழிவு என்று வந்தது. பிறகு இரண்டு கிழமை நித்திரை இல்லை. ஆனியில் கொடை என்று வந்தது. யாருக்கு யார் கொடுத்த கொடை என்று அவளுக்கும் சொல்லத் தெரியவில்லை.

தம்பியைப் பற்றி அவளுக்கு நான் முதல் மாரியிலேயே காருக்குள் சொல்லியிருந்தேன். கூடப்பிறந்தவர்கள் உண்டா என்று கேட்டாள். "ஐ லொஸ்ற் மை பிரதர், இன் த வோர்," என்றேன். தொலைத்துவிட்டேன் என்பதற்கு எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் அதுதான். அவள் சிவப்பு லைற்றில் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பேரை மட்டும் கேட்டாள், சொன்னேன். எங்கள் சனம் எல்லாம் உடனே, எங்கை கடைசியாக் கண்டது, ஆரிட்டை விசாரிச்சனீங்கள் என்று தோண்டத் தொடங்கிவிடும். இவள் தோண்டவில்லை. வெள்ளைக்காரி எவ்வளவு விளங்கிக்கொண்டாள் என்று நினைத்து எனக்கு அவளை நன்றாகப் பிடித்துப்போனது.

ஒக்ரோபர் கடைசி நாள் அவர்களுக்குப் பெரிய பண்டிகை. பழைய வருசம் முடிந்து புது வருசம் தொடங்குகிற நாள் என்றாள். "உன் தம்பிக்குப் பிடித்த சாப்பாடு ஒன்று செய்துகொண்டு வா," என்றும் சொன்னாள். அவனை நினைத்துக் கேட்கிறாளே என்று எனக்கு மனம் குளிர்ந்தது. அவனுக்கு நண்டுக்கறி என்றால் உயிர். அந்த வருசம் பண்டிகை சனிக்கிழமை. காலையிலேயே நண்டு வாங்கிவந்தேன். வேலை இடத்து ஆட்களோடு பார்ட்டி என்றுதான் அம்மாவிடம் சொன்னேன். அம்மா நண்டுக் காலை அம்மிக் குழவியால் தட்டித் தந்தார். உப்புப் பார்த்ததும் அவர்தான். "அவன் வந்தால் இப்பிடித்தான் வைக்கோணும்," என்றார்.

ஐந்து மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். தெருவில் வீடு வீடாக இனிப்புக் கேட்க வேடம் போட்ட சின்னப் பிள்ளைகள் அப்போதே வெளிக்கிட்டிருந்தார்கள். கதவடியில் வைத்து மனுசி எனக்கு முறையை விளங்கப்படுத்தினாள். இன்றைக்கு ஊமைச் சாப்பாடு. வாசல் தாண்டியதில் இருந்து சாப்பிட்டு முடியும்வரை ஒருவரும் ஒரு சொல்லும் கதைக்கக் கூடாது. நல்லதாய்ப் போயிற்று, எனக்கும் இங்கிலீஷில் ஊர்க்கதை கதைக்கிற தொல்லை இல்லை என்று நினைத்துக்கொண்டு உள்ளே போனேன்.

நீட்டு மேசை. ஒரு பக்கம் எங்களுக்குக் கதிரைகள். எதிர்ப்பக்கமும் கதிரைகள், சாப்பாட்டுக் கோப்பைகள், தண்ணீர் கிளாஸ்கள். ஆனால் ஆட்கள் இல்லை. ஒவ்வொரு கோப்பைக்கு முன்னாலும் ஒரு மெழுகுதிரி, ஒரு சின்ன அட்டை. எனக்கு நேர் எதிரே இருந்த அட்டையில் என் தம்பியின் பேர் இருந்தது. இங்கிலீஷில், ஒரு எழுத்து பிழையாக. மற்ற அட்டைகளில் இருந்த பேர்களை எனக்குத் தெரியும். ஒன்று மனுசியின் செத்துப்போன புருசன். ஒன்று போன வருசம் புற்றுநோயில் போன அவளுடைய சிநேகிதி.

மனுசி என் சட்டியைத் திறந்து நண்டுக்கறியை அவனுடைய கோப்பையில் பக்குவமாகப் போட்டாள்.

எங்கள் ஊரில் ஒருவர் செத்து எட்டாம் நாள், அவருக்குப் பிடித்ததை எல்லாம் சமைத்துப் படைப்போம். எட்டு என்போம். என் கையால் என் தம்பிக்கு எட்டுச் சமைத்துக்கொண்டு வந்திருக்கிறேன். உப்புப் பார்த்தது பெற்ற தாய்.  எழும்பி, அவன் சாகவில்லை, அந்த அட்டையை எடு என்று கத்த வேண்டும் போலிருந்தது. ஆனால் கதைக்கக் கூடாது. அந்நியர் வீட்டு முறை. சொன்ன முறைக்குக் கட்டுப்பட்டு நடக்கிற பழக்கம் எங்களுக்கு அப்படி ஊறிப்போயிருக்கிறது. தம்பியைச் செத்தவர்களோடு இருத்திவிட்டார்கள், நான் மரியாதைக்கு வாய் திறக்காமல் கோதுமைப் பாணைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தேன்.

கரண்டிச் சத்தம் மட்டும்தான். அவனுடைய கோப்பையில் இருந்து ஆவி எழும்பிக் கொஞ்ச நேரத்தில் நின்றது. நான் அந்தக் கதிரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தனை வருசமும் அவன் எங்கேயோ நின்றுகொண்டேதான் இருந்தான். தெருவில், பஸ் தரிப்பில், லைனுக்கு அந்தப் பக்கத்தில். அவனுக்கென்று ஒரு கதிரை இழுத்துவைத்து நான் கண்டது அன்றைக்குத்தான். இருந்து ஆறுதலாகச் சாப்பிடு என்று மனதுக்குள் சொன்னேன். சொன்னவுடனே அழுகை வந்தது. கண்ணீர் பாணில் விழ விழச் சாப்பிட்டேன். ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. உள்ளதைச் சொல்கிறேன், எனக்குச் சுகமாக இருந்தது. அந்தச் சுகத்தை நினைத்துத்தான் பயந்தேன்.

சாப்பிட்டு முடிய மனுசி மணி ஒன்றை அடித்தாள். இனிக் கதைக்கலாம். துணிப்பை என்னிடம்தான் முதலில் வந்தது. இந்த முறை கேள்வி ஒன்றும் நினைக்கவில்லை. கல்லில் நேராக ஒரே ஒரு கோடு. அவள் அதைப் பார்த்துவிட்டு, "ஈசா," என்றாள்.

எனக்கு மயிர் கூச்செறிந்தது. சிவபெருமானை இவள் எதற்குக் கூப்பிடுகிறாள் என்று கையெடுத்துக் கும்பிடப் போனேன். அது அந்த எழுத்தின் பேராம். பனிக்கட்டி என்று அர்த்தமாம். ஓடாது, வற்றாது, அப்படியே உறைந்து நிற்பது.

"அவன் சாகவில்லை," என்றேன் அப்போதுதான். "காணாமல் போனவன். எங்களுக்கு ஒன்றும் தெரியாது."

அவள் என்னையே பார்த்தாள். "லொஸ்ற் என்றாயே," என்றாள். அவளுடைய பாசையில் அந்தச் சொல்லுக்கு ஒரு தம்பியைப் பொறுத்தவரை ஒரே அர்த்தம்தான்: செத்துப்போனான். எனக்கு அது அன்றைக்குத்தான் தெரிந்தது. பாவம், மனுசியின் முகம் வெளுத்துவிட்டது. மன்னிப்புக் கேட்டுக்கொண்டே கையை நீட்டி, அந்த அட்டையை எடுக்கப் போனாள்.

"இருக்கட்டும்," என்றேன்.

ஏன் சொன்னேன் என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். களைத்துப்போய்விட்டேன், வேறொன்றுமில்லை. படைத்ததை எல்லாம் பின்வளவில் மேப்பிள் மரத்தடியில் கொண்டுபோய் வைக்கிறது அவர்கள் முறை. அவனுடைய கோப்பையை நானே கொண்டுபோய் வைத்தேன். படையலைத் தின்ன எங்களுக்குக் காகம் வரும், இவர்களுக்கு ரக்கூன்.

ஏழரைக்கு வீட்டுக்கு வந்தேன். அம்மா ரீவியில் நாடகம் பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஒன்றையும் தொடாமல் நேரே குளியலறைக்குள் போய், உடுப்போடு ஷவரைத் திறந்து தலையில் தண்ணீரை விட்டேன். யோசித்துச் செய்யவில்லை. செத்தவீட்டுக்குப் போய் வந்தால் முழுகாமல் ஒன்றையும் தொடக்கூடாது என்று சின்னனில் இருந்தே பழகிய உடம்பு. தண்ணீர் காதுக்குள் இறங்கும்போதுதான் நான் என்ன செய்துகொண்டு நிற்கிறேன் என்று விளங்கியது. ஒருவரை இனி வேண்டாம் என்று விட்டுவிடுவதற்கும் எங்கள் பாசையில் அதே சொல்தான். தலைமுழுகிவிட்டேன் என்போம். ஷவரை நிற்பாட்டக் கை வரவில்லை.

வெளியே வந்தபோது அம்மா கதவடியில் துவாயோடு நின்றார். சொட்டுகிற என் உடுப்பை மேலும் கீழும் பார்த்தார்.

"ஆரின்ரை செத்தவீடு?"

"வேலையிலை ஒராள்."

"என்ன வயசு?"

எழுபது என்று சொல்லியிருக்கலாம். எண்பது என்று சொல்லியிருக்கலாம். "இருபத்தாறு," என்றது என் வாய்.

அம்மா துவாயை என் தலையில் போட்டார். துடைக்கத் தொடங்கிய கை நடுவில் நின்றது. துவாய்க்குள் இருந்த எனக்கு அவருடைய முகம் தெரியவில்லை.

"தாய் இருக்கிறாளோ?"

"ஓம்."

"அவளுக்குத் தெரியுமோ?"

"இன்னும் ஒருத்தரும் சொல்லேல்லை."

 பிறகு அந்தக் கை திரும்பவும் என் தலையைத் துடைக்கத் தொடங்கியது.

"சொல்ல வேண்டாமெண்டு சொல்லு," என்றார் அம்மா.