தைத்து மூடிய அத்தியாயம்

எழுபதுகளின் நடுவில், கேரள மலையில் சூரியநெல்லிக்குப் பக்கத்துத் தேயிலை எஸ்டேட் ஒன்றில் நான் கிளார்க்காக இருந்தேன். மாலையில் பெண்கள் பறித்துக்கொண்டு வரும் கொழுந்தை நிறுத்து எழுதுவது என் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் எஸ்டேட் வாசகசாலையைத் திறந்து வைப்பதை நானாகவே ஏற்றுக்கொண்டிருந்தேன். மலையாளப் புத்தகங்களுக்கு நான்கு அலமாரி, தமிழுக்கு ஒன்று. அந்த ஒன்றில் பாதிக்கு மேல் சரித்திர நாவல்கள். எல்லாம் நான் சேர்த்தவை.

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை போடிக்குப் போவேன். பஸ் ஸ்டாண்டை ஒட்டிய புத்தகக் கடையில் என்னைக் கண்டதுமே கடைக்காரர் மேசைக்கு அடியிலிருந்து ஒரு புத்தகக் கட்டை எடுத்து வைப்பார். அட்டையில் கோட்டையோ குதிரையோ இருந்தால் பிரித்துக்கூடப் பார்க்க மாட்டேன், வாங்கிவிடுவேன். திரும்பும்போது பஸ் மலைவளைவுகளில் திணறி ஏற, மற்றவர்கள் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டிருப்பார்கள். நான் போடிமெட்டு வருவதற்குள் மூன்று அத்தியாயம் முடித்திருப்பேன்.

அந்தத் தமிழ் அலமாரிக்குத் தவறாமல் வந்தவள் ஒருத்தி. கொழுந்து பறிப்பவள், முப்பது வயதிருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள். ஆனால் வாசித்ததைச் சொல்லத் தெரிந்தவள். நிறுவைக்கு வரிசையில் நிற்கும் நேரத்தில், முதுகில் கூடையோடு, முதல் நாள் விட்ட இடத்திலிருந்து தொடங்குவாள். பாண்டியர் படை வைகையைக் கடக்கும் நாளில் வரிசை நகரவே நகராது. நானும் சில நாள் நகரச் சொல்லாமல் இருந்திருக்கிறேன்.

அந்த வருஷம் மூன்று பாகமுள்ள ஒரு நாவலைக் கொண்டுபோனாள். முற்றுகையிட்ட கோட்டையிலிருந்து தளபதியின் மனைவி தன் சின்ன மகளோடு தப்பி ஓடும் கதை. மூன்றாம் பாகத்தில் ஆற்றைக் கடக்கும்போது பிள்ளையை வெள்ளம் கொண்டுபோய்விடும்.

வரிசையில் அவள் அப்படிச் சொல்லவில்லை. பிள்ளை ஒரு மீன்காரன் வலையில் சிக்கியது, அவன் குடிசையில் வளர்ந்தது, கால் தழும்பைப் பார்த்துத் தாய் கண்டுகொண்டாள் என்று சொன்னாள். பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. தப்பு என்று தெரிந்த எதையும் விட்டுவைக்கிற வழக்கம் எனக்கு இல்லை.

“வலையும் இல்லை, மீன்காரனும் இல்லை. இருபத்தோராம் அத்தியாயம். அந்தப் பிள்ளை செத்துப்போச்சு” என்றேன்.

வரிசையின் பின்னாலிருந்து ஒருத்தி, “ஏட்டி, அப்ப இம்புட்டு நாளும் நீ அளந்தது பூராம் உன் சொந்தச் சரக்கா?” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள்.

அவள் சிரிக்கவில்லை. “ஐயா சொன்னாச் சரியாத்தான் இருக்கும்” என்று சொல்லிக் கூடையைத் தராசில் வைத்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மூன்றாம் பாகம் திரும்பி வந்தது. வேறு புத்தகம் எடுக்காமல் போய்விட்டாள். திரும்பி வரும் ஒவ்வொரு புத்தகத்தையும் தாள் தாளாகப் பார்த்து வாங்குவது என் முறை. இருபத்தோராம் அத்தியாயத்தின் தாள்கள் பிரியவில்லை. ஓரத்தில் நீல நூலால், ரவிக்கைக்குப் போடுவது போன்ற பொடித் தையல். யாரும் அதைத் திறக்க முடியாதபடி தைத்து மூடியிருந்தாள்.

அப்போதுதான் போன வருஷத்து டைரியை எடுத்தேன். ஆடி மாதத்துப் பக்கம் ஒன்றில் என் கையெழுத்தில் இருந்தது: “பலத்த மழை. மண் சரிந்து ரோடு அடைப்பு.” கீழே அவள் பெயர் எழுதி, “மூன்று நாள் லீவு. மகள் காய்ச்சலில் மரணம், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியில். வயது ஆறு.” அதற்கு அடுத்த வரி, போடிக்குப் போய்ப் புத்தகக் கட்டு வாங்கிவரத் தாமதம் என்பது.

புதிதாக வந்திருந்த ஒரு நாவலை எடுத்துக்கொண்டு அவள் குடியிருந்த லயத்து வீட்டுக்குப் போனேன். வாசலில் விறகு அடுக்கிக்கொண்டிருந்தாள். கையைச் சேலையில் துடைத்துவிட்டுப் புத்தகத்தை வாங்கினாள், அட்டையை ஒருமுறை தடவிப் பார்த்தாள், திருப்பிக் கொடுத்தாள். கண் முன்போல் இல்லை என்றாள்.

“நீ சொன்ன மாதிரியே சொல்லும்மா. அதுவும் நல்லாத்தான் இருந்துச்சு” என்றேன்.

“புத்தகத்துல இல்லையேய்யா” என்றாள்.

புத்தகத்தோடு திரும்பி நடந்தேன். அதன் பிறகு வரிசையில் கதை இல்லை. பெண்கள் மழையைப் பற்றியும் அட்டைக்கடியைப் பற்றியும் பேசினார்கள். நிறுவை சீக்கிரம் முடிந்தது. தை பிறந்ததும் அவள் குடும்பம் பள்ளிவாசல் பக்கம் வேறு எஸ்டேட்டுக்குப் போய்விட்டது.

நூலை நான் வெட்டவில்லை. பதிவேட்டில் அந்தப் புத்தகத்துக்கு நேராகச் சேதம் எழுதும் கட்டத்தையும் நிரப்பவில்லை.

மறு வருஷம் மழைக்காலத்தில் ஒரு மாலை, வரிசையில் ஒரு குரல் கதை சொல்லிக்கொண்டிருந்தது. அன்றைக்குக் கேலி செய்தாளே, அவள்தான். புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த ஒரு பெண்ணிடம், வெள்ளத்தில் போன பிள்ளை மீன்காரன் வலையில் சிக்கியதைச் சொல்லிக்கொண்டிருந்தாள். சொல்லும்போதே நடுவில் நிறுத்தி என்னைப் பார்த்தாள்.

நான் தராசு முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எடையை எழுதினேன். அடுத்த கூடையை வைக்கச் சொன்னேன்.